மங்கீஸ்: விளம்பரம் கொடுத்துச் சேர்த்த குழு எப்போது அசலாகிறது?

1965 செப்டம்பரில், ஹாலிவுட் திரைத்துறையினர் படிக்கும் இரண்டு நாளிதழ்களில் ஒரு விளம்பரம் வெளியானது. புதிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிப்பதற்கு, பாடவும் வாத்தியம் வாசிக்கவும் தெரிந்த, 17 முதல் 21 வயதுக்குட்பட்ட, கிறுக்குத்தனம் நிறைந்த நான்கு பையன்கள் தேவை என்பது அதன் சாரம். 437 பேர் வந்து போனார்கள். அந்தத் தேர்வின் முடிவில் உருவான ‘தி மங்கீஸ்’ குழு அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அதிகம் விற்கும் இசைக்குழுக்களுள் ஒன்றானது. ‘செய்து விற்ற குழு’ என்ற பழியும் அதே வேகத்தில் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஒரு ராக் குழு அசலா, வணிகர்கள் கூட்டிச் சேர்த்த சரக்கா என்ற வாதம் எங்கே எழுந்தாலும், இன்றுவரை இந்த நால்வரைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

வழக்கை விசாரிக்கும் முன் ஒரு சிறு திருத்தம் வேண்டியிருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற விளம்பரத்தைப் பார்த்து வந்து தேர்வானவர் நால்வரில் ஒருவர்தான், மைக்கேல் நெஸ்மித். மான்செஸ்டரில் பிறந்த டேவி ஜோன்ஸ் பிராட்வே மேடையில் நடித்துப் பெயர் வாங்கி, தொடரைத் தயாரித்த நிறுவனத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர். மிக்கி டோலென்ஸ் சிறுவயதிலேயே தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர் என்பதால் முகவர் வழியாக வந்தார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த பீட்டர் டோர்க்கை அனுப்பிவைத்தவர் அவருடைய நண்பர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். ஆக, இரண்டு நடிகர்களும் இரண்டு இசைக்கலைஞர்களும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தார்கள். பின்னால் வெடித்த சண்டைகளில் பாதிக்கு இந்தச் சேர்மானமே காரணம் என்பேன்.

பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரு இளம் தயாரிப்பாளர்களின் திட்டம் இது. 1964இல் பீட்டில்ஸ் நடித்து வெளியான முதல் திரைப்படத்தின் துள்ளலை வாராவாரம் அரைமணி நேரத் தொடராகக் கொடுக்க அவர்கள் நினைத்தார்கள். கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ் பணம் போட்டது. 1966 செப்டம்பர் 12 அன்று என்.பி.சி.யில் தொடர் தொடங்கியது. இசைப் பொறுப்பு டான் கிர்ஷ்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. நியூயார்க்கின் பிரில் பில்டிங் வட்டாரத்துப் பாடலாசிரியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வெற்றிப் பாடல்களை வரிசையாக எழுதி வாங்கிய பதிப்பாளர் அவர். ஜெர்ரி காஃபினும் கேரல் கிங்கும், பாரி மானும் சிந்தியா வைலும், நீல் டயமண்டும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். டாமி பாய்ஸும் பாபி ஹார்ட்டும் எழுதித் தயாரித்த ‘லாஸ்ட் ட்ரெய்ன் டு கிளார்க்ஸ்வில்’ 1966 நவம்பரில் அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டயமண்ட் எழுதிய ‘ஐ’ம் எ பிலீவர்’ ஆண்டின் கடைசி நாளில் முதலிடத்துக்கு வந்து ஏழு வாரம் அங்கேயே இருந்தது. இரண்டிலும் பாடியவர் டோலென்ஸ். வாத்தியங்களை வாசித்தவர்கள் வேறு ஆட்கள்.

குற்றச்சாட்டின் உயிர்நாடி இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. கிதாரும் டிரம்ஸும் ஏந்தித் திரையில் தோன்றிய நால்வர் இசைத்தட்டில் அவற்றை வாசிக்கவில்லை. முதல் ஆல்பத்தின் உறையில் வாசித்தவர்களின் பெயர்களும் அச்சாகவில்லை. பின்னணிக் குரலுக்குத் தலைமுறைகளாகப் பழகிய தமிழ் வாசகருக்கு இது பெரிய மோசடியாகத் தோன்றாமல் போகலாம். அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இது அன்றாட வழக்கமே. பின்னாளில் ‘ரெக்கிங் க்ரூ’ என்று பெயர் பெற்ற கூலிக் கலைஞர்களின் வட்டம், ஒரே நாளில் காலையில் ஒரு குழுவுக்கும் மாலையில் இன்னொரு குழுவுக்கும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பேர்ட்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். 1965இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்து, நாட்டுப்புறப் பாடலையும் ராக்கையும் இணைத்த புதிய பாணிக்கே வாசல் திறந்த ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பதிவில், குழுவினருள் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவர் மட்டுமே. டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன். பாடலை எழுதியவரோ பாப் டிலன். அதே பேர்ட்ஸ் 1967 ஜனவரியில் ராக் நட்சத்திரமாவது எப்படி என்று கேலி செய்யும் பாடல் ஒன்றை வெளியிட்டபோது, அது மங்கீஸைக் குத்திக்காட்டுகிறது என்று பலரும் எண்ணினார்கள். பேர்ட்ஸின் முதல் வெற்றிப் பதிவில் யார் வாசித்தார்கள் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்திலும் பெரும்பாலான வாத்திய இசை இதே கூலிக் கலைஞர்களுடையது; இன்று அது ராக் இசையின் உச்சப் படைப்புகளுள் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. பீட்டில்ஸைக்கூட விட்டுவைக்க வேண்டியதில்லை. தோல் சட்டையோடு இருந்தவர்களைக் கோட்டுக்கு மாற்றியவர் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன். அவர்களுடைய முதல் சிங்கிளுக்காக (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு இசைத்தட்டு) 1962 செப்டம்பரில் நடந்த ஒரு பதிவில், ரிங்கோ ஸ்டாரின் கையில் தாளத்தட்டைக் கொடுத்துவிட்டு, ஆண்டி வைட் என்ற கூலிக் கலைஞரை டிரம்ஸில் உட்காரவைத்தார்கள்.

எல்லோரும் செய்ததை மங்கீஸ் செய்தபோது மட்டும் ஏன் இத்தனை கூச்சல்? விடையின் ஒரு பகுதி காலத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கம்வரை பாடல் எழுதுபவர், பாடுபவர், வாசிப்பவர் என்ற வேலைப் பிரிவினையை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லி தம் பாடல்களைத் தாமே எழுதவில்லை என்பதற்காக அவரைப் போலி என்று யாரும் சொல்லவில்லை. டிலனும் பீட்டில்ஸும் வந்த பிறகே, பாடுபவர் தம் சொந்த அனுபவத்தைத் தம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ராக்கின் அறமாக இறுகியது. நாட்டுப்புறப் பாடல் இயக்கம் வளர்த்த நேர்மை வழிபாடு மின்கிதாருக்குள் புகுந்துகொண்டது என்றும் சொல்லலாம். ராக் இசையைத் தீவிரமாக விமர்சிப்பதற்கென்றே சான் பிரான்சிஸ்கோவில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொடங்கியது 1967 நவம்பரில். அந்த அறம் உருவாகிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதற்கு நேரெதிரான உதாரணம் ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் வீட்டு வரவேற்பறைக்கே வந்து சிரித்தது.

இன்னொரு பகுதி, பார்வையில் பட்டதா, படவில்லையா என்பதைப் பொறுத்தது. பேர்ட்ஸின் கூலிக் கலைஞர்கள் கூடத்தின் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். மங்கீஸின் பிறப்போ விளம்பரமாக அச்சாகி, நிறுவனத்தின் பெயரோடு ஊருக்கே தெரிந்திருந்தது. மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர்களே ஏமாற்றுக்காரர்களாக நிற்க நேர்ந்தது. இதே காலத்தில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், ஒரே வாசிப்பாளர் குழு எல்லாப் பாடகர்களுக்கும் வாசித்தது, சம்பளத்துக்கு எழுதியவர்களே பாடல்களைக் கொடுத்தார்கள், சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழு பாடியது. அங்கே இந்தக் கேள்வி அதே உக்கிரத்தோடு எழவில்லை. ராக் தனக்கென்று வைத்துக்கொண்ட தனி அளவுகோல் இது. அதைப் பிற இசைவகைகளின்மீது வைத்துப் பார்த்தால் பாதி உலகமே போலியாகிவிடும்.

நால்வருக்குள் இருந்த மனக்கசப்பு வெளிப்பட்டது இரண்டாவது ஆல்பமான ‘மோர் ஆஃப் தி மங்கீஸ்’ வழியாக. 1967 ஜனவரியில் அது வெளியானபோது குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தது. தங்கள் பெயரில் ஆல்பம் வந்திருப்பதைக் கடையில் வாங்கித்தான் தெரிந்துகொண்டார்கள். உறையின் முன்பக்கத்தில் இருந்தது, ஜேசி பென்னி துணிக்கடை விளம்பரத்துக்காக அந்தக் கடையின் உடைகளோடு எடுத்த படம். பின்பக்கத்தில் கிர்ஷ்னர் எழுதிய குறிப்பு பாடலாசிரியர்களை வரிசையாகப் புகழ்ந்தது. எந்தப் பாடல்கள், எந்த வரிசை, எந்தப் படம் என்று ஒன்றையும் அவர்களிடம் கேட்கவில்லை. அந்த ஆல்பம் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது இந்தக் கதையின் குறும்பு. குழுவில் யாருக்கும் பிடிக்காத ஆல்பமே அதிகம் விற்றது.

இத்தனைக்கும் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது பொய். 1966 டிசம்பர் 3 அன்று ஹொனலூலுவில் நடந்த முதல் கச்சேரியிலிருந்தே மேடையில் வாசித்தவர்கள் அவர்கள்தாம். தேர்வான பிறகே டிரம்ஸ் கற்கத் தொடங்கிய டோலென்ஸ் உட்பட. நெஸ்மித் நல்ல பாடலாசிரியர். அவர் எழுதிய ‘டிஃபரன்ட் டிரம்’ பின்பு லிண்டா ரான்ஸ்டாட் இருந்த குழுவுக்கு வெற்றி தேடித் தந்தது. டோர்க் பேஞ்சோ, பியானோ, கிதார் மூன்றையும் வாசிப்பார். மங்கீஸின் ‘டேட்ரீம் பிலீவர்’ பாடலின் தொடக்கத்தில் வரும் பியானோ வரி அவருடைய கைவேலை. ஆகவே கோபத்தின் காரணம் ராயல்டி குறைந்ததோ புகழ் குறைந்ததோ இல்லை. தாங்கள் மேடையில் செய்ய முடிந்ததைக் கூடத்தில் செய்ய விடாமல், வேறொருவர் செய்ததைத் தங்கள் பெயரில் விற்றதே அவர்களைச் சுட்டது. 1967 தொடக்கத்தில் ஓர் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் நெஸ்மித், இந்த இசைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, நாங்கள் செயற்கையானவர்கள் என்றே உலகத்துக்குச் சொல்லுங்கள் என்ற பொருளில் வெடித்துவிட்டார். குழுவைத் தாக்குவதற்கு எதிரிகள் பயன்படுத்திய முக்கிய ஆதாரம் குழுவின் வாயிலிருந்தே வந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் நடந்த சந்திப்பு ராக் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட காட்சி. கிர்ஷ்னர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 2,50,000 டாலர் ராயல்டிக் காசோலையைக் கொடுத்தார் என்றும், தங்களை வாசிக்க விடாவிட்டால் விலகுவேன் என்று நெஸ்மித் சொன்னபோது, உடனிருந்த வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னார் என்றும், நெஸ்மித் சுவரில் குத்தி ஓட்டை போட்டு, அது உன் முகமாக இருந்திருக்கலாம் என்றார் என்றும் சொல்வார்கள். பல வாய்களில் புழங்கி மெருகேறிய கதைதான். ஆனால் அதன் விளைவில் ஐயமில்லை. சமரசமாக ஒத்துக்கொண்டதை மீறி, குழு வாசிக்காத இரு பாடல்களைச் சேர்த்து ஒரு சிங்கிளைக் கிர்ஷ்னர் கனடாவில் வெளியிட்டதும், பிப்ரவரி இறுதியில் அவர் நீக்கப்பட்டார். அமெரிக்காவில் அதே சிங்கிள் வந்தபோது பின்பக்கத்தில் இருந்தது நெஸ்மித் எழுதி, நால்வரும் சேர்ந்து பதிவு செய்த பாடல்.

அடுத்து வந்தது ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’. டர்டில்ஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்த சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராக அழைத்துக்கொண்டு, ஹாலிவுட்டில் உள்ள ஆர்.சி.ஏ. கூடத்தில் நால்வரும் உட்கார்ந்து, தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசித்து, நன்றாக வந்த பகுதிகளை நாடாவில் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. டோலென்ஸின் தாளம் சில இடங்களில் தள்ளாடுவதை இன்றும் கேட்கலாம். உறையின் பின்பக்கக் குறிப்பு இந்த முறை நேர்மையாகவே பேசியது: இதில் வாசித்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல, அவ்வப்போது வெளியிலிருந்து வந்த பேஸ் கலைஞரும் ஊதுகுழல் கலைஞரும் எங்கள் சொற்படி வாசித்தார்கள், ஆகவே இது முழுக்க எங்களுடையது என்ற பொருளில். 1967 மே மாதத்தில் வெளியாகி ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்து அதைக் கீழிறக்கியது; அதன் பிறகு 11 வாரம் இரண்டாம் இடம்.

அந்தக் குறிப்பில் இருக்கும் ‘எங்கள் சொற்படி’ என்பதைத்தான் இந்த விவாதத்தின் மையமாக நான் கருதுகிறேன். யார் சேர்த்துவைத்தார்கள், யார் எழுதினார்கள், எந்த விரல் எந்தத் தந்தியைத் தொட்டது என்பவையெல்லாம் துணைக்கேள்விகள். தம் பெயரில் வெளிவரும் இசையை ஏற்கவோ மறுக்கவோ ஒரு குழுவுக்கு அதிகாரம் இருந்ததா என்பதே முதற்கேள்வி. 1966இல் மங்கீஸுக்கு அது இல்லை. 1967 மார்ச்சில் இருந்தது. ஒரே நால்வர், ஒரே பெயர், ஒரே தொலைக்காட்சித் தொடர், இடையில் சில மாதங்கள். பிறப்பை வைத்துத் தீர்ப்பு எழுதுபவர்களால் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவே முடியாது.

ஆனால் அதிகாரம் கிடைத்ததால் இசை உயர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ மனத்துக்கு இதமான ஆல்பம். இளைஞர்கள் சிலர் தங்கள் விளையாட்டுப் பொருளைத் திரும்பப் பெற்ற மகிழ்ச்சி அதில் கேட்கிறது. என்றாலும் ‘ஐ’ம் எ பிலீவர்’ பாடலின் இறுக்கமும் பாய்ச்சலும் அதில் எந்தப் பாடலுக்கும் இல்லை. அவர்களுடைய சிறந்த ஆல்பம் 1967 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பம் என்பது என் மதிப்பீடு. டிரம்ஸில் பல முறை திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துப்போன டோலென்ஸ் அதைப் பெரும்பாலும் எடி ஹோ என்ற கூலிக் கலைஞரிடம் விட்டுவிட்டார். காஃபினும் கிங்கும் எழுதிய ‘பிளெசன்ட் வேலி சண்டே’ அதில் இடம்பெற்றது. பாப் இசையில் அப்போதுதான் தலைகாட்டிய மூக் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தையும் பயன்படுத்தினார்கள். வெளியாட்களின் பாடலும் வெளியாட்களின் வாசிப்பும் திரும்பி வந்துவிட்டன, இம்முறை குழுவின் விருப்பத்தின்பேரில். கிர்ஷ்னரின் காது தேர்ந்த காது என்பதையும் மறுப்பதற்கில்லை. மங்கீஸோடு பட்டது போதும் என்று அவர் அடுத்துப் போனது ஆர்ச்சீஸ் என்ற கேலிச்சித்திரக் குழுவிடம். 1969இல் அவர்களுடைய ‘ஷுகர், ஷுகர்’ நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. வரைந்த பாத்திரங்கள் ஹோட்டல் சுவரில் குத்துவதில்லை.

பிறப்பு எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றாக செக்ஸ் பிஸ்டல்ஸ் இருக்கிறது. பங்க் இசையின் நேர்மைக்கே அடையாளமாகச் சொல்லப்படும் இந்தக் குழு, 1975இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையைச் சுற்றி உருவானது. பேஸ் வாசித்த கிளென் மாட்லாக் அந்தக் கடையில் வேலை செய்தவர். பாடகராக ஜான் லைடனைத் தேர்ந்தெடுத்தது, கடையின் இசைப்பெட்டியில் ஓடிய வேறொருவரின் பாட்டுக்கு அவரை வாயசைக்கச் சொல்லிப் பார்த்துத்தான். மெக்லாரனோ எல்லாம் தாம் தீட்டிய சூது என்று பின்னாளில் பெருமையடித்துக்கொண்டார். அப்படியிருந்தும் அந்தக் குழுவைச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் சிலரே. காரணம், லைடன் பாடியது லைடனின் சொற்கள், கிதாரில் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்தது அவரே கற்றது. அவர்களும் தங்களை உருவாக்கியவரோடு மோதி, நீதிமன்றம்வரை போனார்கள். அந்த வழக்கு 1986இல் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. நெஸ்மித்தும் லைடனும் ஒரே சண்டையைத்தான் போட்டார்கள். ஒருவர் போட்டது குழந்தைகள் பார்க்கும் நேரத் தொடருக்குள் இருந்து. அதனாலேயே அவருக்குப் புரட்சிக்காரர் பட்டம் கிடைக்கவில்லை.

சக கலைஞர்கள் இந்த வேறுபாட்டை விமர்சகர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். 1967 பிப்ரவரி 10 அன்று பீட்டில்ஸ் தங்கள் புதிய ஆல்பத்துக்காக ஆர்க்கெஸ்ட்ராவைப் பதிவு செய்தபோது நெஸ்மித் விருந்தினராக அங்கே இருந்தார். பீட்டில்ஸின் ஜான் லெனன் மங்கீஸை நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களோடு ஒப்பிட்டுப் பாராட்டியவர். அதே ஆண்டு ஜூலையில் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மங்கீஸ் கச்சேரிகளின் தொடக்க நிகழ்ச்சியை வழங்கினார். டேவி ஜோன்ஸுக்காகக் கூச்சலிட்ட சிறுமிகளுக்கு முன்னால் அவர் சில கச்சேரிகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு பருவங்களில் 58 அத்தியாயங்களோடு 1968இல் தொடர் நின்றது. அந்த ஆண்டு இறுதியில் வந்த ‘ஹெட்’ திரைப்படத்தை ராஃபெல்சனோடு சேர்ந்து எழுதியவர், அன்று அதிகம் அறியப்படாத ஜாக் நிக்கல்சன். தங்களைத் தத்துவமற்ற தயாரிப்புப் பிம்பம் என்று நால்வரும் தாங்களே பாடிக்கொள்ளும் பகுதி அதில் வருகிறது. படம் ஓடவில்லை. சிறுமிகளுக்குப் புரியவில்லை, புரிந்திருக்கக்கூடியவர்கள் மங்கீஸ் படத்துக்குப் போகவில்லை. நெஸ்மித்துக்கு இந்தச் சுயகேலி கடைசிவரை போகவில்லை. 1967இல் மங்கீஸ் மூன்றரைக் கோடி இசைத்தட்டுகளை விற்று பீட்டில்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் சேர்த்தே மிஞ்சியது என்று இன்றும் பலர் எழுதும் புள்ளிவிவரம், பேட்டியில் ஒரு பொய் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அவர் சொன்னது. அறிவிப்பை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தின் பட்டியலைப் பார்த்தால், இந்த வழக்கில் இன்னும் யார்மீது குற்றம் நிலுவையில் இருக்கிறது என்பது தெரியும். ‘பிளெசன்ட் வேலி சண்டே’ எழுதிய காஃபினும் கிங்கும் 1990இலேயே உள்ளே போனார்கள், பேர்ட்ஸ் 1991இல், கூலிக்கு வாசித்த ஹால் பிளெய்ன் 2000இல், நீல் டயமண்ட் 2011இல், அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், டான் கிர்ஷ்னர். பாடல் எழுதியவர்களுக்கும், வாசித்தவருக்கும், விற்றவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஜோன்ஸ் 2012இலும் டோர்க் 2019இலும் நெஸ்மித் 2021இலும் காலமானார்கள். டோலென்ஸ் மேடையேறி அந்தப் பாடல்களைத் தொடர்ந்து பாடிவருகிறார். மங்கீஸ் என்ற பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இதுவரை சேரவில்லை.